மேடம் பிடுங்கிய மேடை

"நான் பேச வேண்டியதை நீங்க பேசப் போறீங்களா, மேடம்?"

"ஆமா. ஸ்லைடு எல்லாத்தையும் என் கம்ப்யூட்டர்ல ஏத்திடு," என்றார் பேராசிரியை, முகத்தைப் பார்க்காமல்.

ஆராய்ச்சி மாணவிக்கு வயிறு எரிந்தது. வருஷக்கணக்காக ஆய்வகத்தில் செல்களோடு மல்லுக்கட்டியது அவள். மருந்து பட்டதும் செல்லுக்குள் ஒரு வேதிவினை சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கிவிடுகிறது, மருந்தைக் கழுவி எடுத்த பிறகும் அணைவதில்லை என்று கண்டுபிடித்ததும் அவள். அடுத்த வாரம் அவளை வேலைக்கு நேர்காணல் செய்யப் போகிற மருந்து கம்பெனி அதிகாரி வேறு கருத்தரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தவ உழைப்புல பேர் வாங்கறாங்க," என்றாள் பக்கத்து சீட்டுத் தோழியிடம்.

மேடம் பேசி முடித்தார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் மேடத்தின் கணவர். அதே கல்லூரியில் கணக்குப் பேராசிரியர்.

"சுவிட்சுன்னா ரெண்டு நிலை வேணும். அதுக்குத் தன்னைத்தானே தூண்டி விடற வினை ஒண்ணாவது இருக்கணும். நீங்க காட்டின வினைப் படத்துல அது இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கே ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே நிலையிலதான் வந்து நிக்குது. அதாவது, இது அணையுது. மெதுவா அணையுது. நீங்கதான் அதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க."

அரங்கில் சிரிப்பு.

மாணவிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்லா வேணும். கட்டின புருஷனே கவுத்துட்டார்.

"சோதனையைப் பாதியில நிறுத்தினது யாரு?" என்று கேட்டார் கம்பெனி அதிகாரி.

மாணவியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. சோதனை நடந்த அன்றைக்கு மிஷினை அணைத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பியது அவள்தான்.

"நான்தான்," என்றார் மேடம். "அவசரப்பட்டுட்டேன். திரும்பச் செய்யறோம்."

கூட்டம் கலைந்தது. மாணவி வாசலில் கணக்குப் பேராசிரியரைப் பிடித்தாள்.

"சார், இதை வீட்டுலயே மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே? இத்தனை பேர் முன்னாடி..."

"காலையில சாப்பிடும்போதே சொல்லிட்டேனே," என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "'தப்பை மறைக்க வேண்டாம், கூட்டத்துலயே கேளுங்க. ஆனா மேடையில அவ வேண்டாம், நான் நின்னுக்கறேன்'னு சொல்லிட்டா."