ஒற்றைத் தாள் கடிதம்

பல காலங்களில், பல ஊர்களில் எழுதப்பட்ட சுருள்கள் ஒரே வேதாகமமாகச் சேர ஒரு மேசையில் கூடின. ஒற்றைத் தாள் கடிதம் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டது, உலகம் உண்டான கதையில் தொடங்கி ஐந்து ஆகமங்களையும் கொண்ட மூத்த சுருள்.

"பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. 'ஓடிப்போன உன் அடிமை திரும்பி வருகிறான், சகோதரனாகச் சேர்த்துக்கொள்' என்று சிறையிலிருந்து ஒருவர் நண்பருக்கு எழுதினார். அவ்வளவுதான்."

மூத்த சுருள் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தது. இடமில்லை என்று சொல்லிவிடுமோ என்று கடிதத்துக்குப் பயம் வந்தது.

"என்னிலும் அடிமைகள் தப்பி ஓடிக் கடல் தாண்டுகிறார்கள். கரையேறியதும் ஆடிப்பாடுகிறார்கள். உன் ஆளை அந்த வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா?" என்று கேட்டது மூத்த சுருள்.

"தெரியாது, ஐயா. அதற்குள் நான் முடிந்துவிட்டேன்."

"சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் ஒரு பாட்டு வேண்டாமா? இப்படி வந்து உட்கார்" என்ற மூத்த சுருள், சங்கீதச் சுருளைத் தட்டி எழுப்பியது.

எல்லாச் சுருள்களும் ஆடிப்பாடியதில், அன்று புத்தகம் கட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.