இரண்டாவது ஓட்டுநர்

படிவத்தின் அந்தக் கட்டத்தில் வந்து அவள் கை நின்றது.

இரண்டாவது ஓட்டுநரின் பெயர்.

மடிக்கணினியில் வேன் வாடகைப் படிவம். அதன் பக்கத்தில் பூச்சாடியில் சாய்த்து வைத்த கைபேசியில் தென்காசி. கணவனின் அண்ணன் செந்தூர்பாண்டியன் திரை முழுக்க நிறைந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி உலகம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் கடைசியில் அண்ணன் குடும்பம் இங்கே வந்ததும் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போகிறது. ஜெர்மனியில் இவர்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் கிளம்பி, சால்ஸ்பர்க், வியன்னா, பிராக் என்று சுற்றி, எட்டாம் நாள் வீடு.

திட்டம் அவளுடையது.

மூன்று வார மாலைகள் அதற்கே போயின. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர்கள். எந்த நாளும் மாலை மூன்றரை மணிக்கு மேல் வண்டி ஓடக் கூடாது என்று வைத்தாள். எந்த மலைப்பாதை பனியில் மூடும், மூடினால் எந்த வழி என்று எழுதி வைத்தாள். வாசலில் மண்டியிட்டு பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்டிப் பழகினாள். விரல் மரத்துப்போய், அன்று ராத்திரி தோசை திருப்பக்கூட முடியவில்லை.

ஓட்டப்போவது அவள்தானே. அதில் யாருக்குச் சந்தேகம்?

அண்ணனுக்கு இருந்திருக்கிறது.

"பனியில ஓட்டுதது லேசுப்பட்ட காரியம் இல்ல தம்பி. மொத டிரைவர் நான். ரெண்டாவது நீ. பொம்பளையாளுவ பின்னால நிம்மதியா உக்காந்து வரட்டும். உன் வீட்டுக்காரி சோத்தப் பாத்துக்கிடட்டும்."

பனிக்கட்டியை அவர் பிரிட்ஜில்தான் பார்த்திருக்கிறார். ஆரியங்காவு மலை வளைவுகளில் அடைமழையில் ஓட்டியிருக்கிறாராம். அதை மூன்று தடவை சொல்லியாயிற்று. போன வாரம் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டும் வாங்கிவிட்டார்.

அவள் நாலு குளிர்காலம் ஓட்டியவள். முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்து மணிக்குக் கார்க் கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனியைச் சுரண்டிவிட்டு வண்டியை எடுப்பாள். வழுக்கும் சாலையில் பிரேக்கைத் தொடாமல் வேகம் குறைக்கத் தெரியும். அவள் சோற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.



அவரைச் சொல்லி என்ன? அவருக்குத் தெரியாது.

தெரிந்தவன், அவள் கணவன் வேல்பாண்டியன், பக்கத்து நாற்காலியில் முறுக்கு உடைத்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் இந்த நாட்டு லைசென்ஸ் கிடையாது. ஊர் லைசென்ஸ், இவர்கள் இங்கே வந்த ஆறாம் மாதத்தோடு செல்லாமல் போயிற்று. இங்கே தேர்வில் இரண்டு முறை ஓட்டிக் காட்டினான். இரண்டு முறையும் தோற்றான். மூன்றாம் முறை போகவே இல்லை. வேலை அதிகம் என்றான். ஆமாம், வேலை அதிகம் என்று அவளும் சொன்னாள்.

இது தென்காசிக்குத் தெரியாது. தென்காசிக்குத் தெரிந்ததெல்லாம் படங்கள்.

எங்கே போனாலும் ஒரு படம் உண்டு. அவள் ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையிலோ மலையடியிலோ நிறுத்துவாள். அவன் இறங்கிச் சுற்றிவந்து அவள் இருக்கையில் உட்காருவான். கறுப்புக் கண்ணாடி போடுவான். ஸ்டியரிங்கில் ஒரு கை வைப்பான். படம் எடுத்ததும் மறுபடி சுற்றிப் போய், தன் பக்கத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொள்வான்.

குடும்ப வாட்ஸப்பில் அண்ணன் கட்டைவிரல் தூக்குவார்.

நாலு வருடம்.

படம் எடுத்தவள் அவள். இப்போது அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கொஞ்சம் தலையைத் தூக்குங்க, இந்தப் பக்கம் பாருங்க என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஊரில் அவன் மரியாதை குறையக் கூடாது என்று நினைத்தாள். தன் மரியாதையை நினைக்கவில்லை.

"சரிண்ணே," என்றான் அவன்.

சரிண்ணே! எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

பிறகு அவள் காதருகே குனிந்தான். கைபேசிக்குக் கேட்காத குரல்.

"இப்பப் பேரப் போட்டுரு. அன்னைக்கு முதுகு வலின்னு சொல்லிக்கிடுதேன். அண்ணனே முழுக்க ஓட்டட்டும்."

பனியையே பார்க்காத மனிதர் ஆஸ்திரிய மலையில் முழுக்க ஓட்டுவார். மூன்றாம் வரிசையில் அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். இவனுக்கு முதுகு வலிக்கும்.



வேல்பாண்டியன் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

அடுத்த கட்டம் திறந்தது. லைசென்ஸ் எண்.

கைபேசியை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தாள். தானும் அவனும் முழுசாகத் தெரியும்படி. எத்தனை படம் எடுத்த கை.

"ஏங்க," என்றாள், தென்காசிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று. "உங்க லைசென்ஸ் நம்பரச் சொல்லுங்க."

முறுக்கு உடைபடும் சத்தம் நின்றது.

"சொல்லுல. என்ன யோசிக்க?" என்றார் அண்ணன்.

உலகம்மாள் பாதி மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவன் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விசைப்பலகையில் விரல்களை வைத்துக் காத்திருந்தாள்.

"கொஞ்சம் தலையத் தூக்குங்க," என்றாள்.