வருகைப் பதிவேடு

மாநிலக் கல்வி வாரியத்தில் அரசு நியமித்தவர்கள் ஐந்து பேர். ஆசிரியர்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் ஐந்து பேர். ஓட்டு சரிபாதியானால் தீர்மானம் தோற்கும். நாற்பது பள்ளிகளை மூடும் தீர்மானம் வந்த அன்று, ஆசிரியர் பிரதிநிதி அற்புதமேரியை வாரிய அலுவலக வாசலிலேயே இருவர் மடக்கி, அவள் வலக்கையைக் கார்க் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினார்கள். விரல்கள் நொறுங்கின.

“வீட்டுக்குப் போயிருங்கம்மா” என்றான் ஒருவன்.

முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு அவள் மாடியேறினாள்.

“கையெழுத்துப் போட்டாத்தான் ஓட்டு, மேடம்” என்றார் செயலாளர், பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள், நசுங்கிய கட்டைவிரலைத் தன் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே இருந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து சிவந்தன.

“கைநாட்டா?” என்றார் தலைவர்.

“எதிர்ப்புன்னு எழுதிக்கிடுங்க சார்.”