நாய்க்கு ஹலால் சொசேஜ்

"பன்றிச் சொசேஜ் வேணாம் கத்தரினாக்கா. அது நளீம் நானாட நாய்."

"நாய்க்குமா டயனா பாக்கிறது?"

"வளக்கிறவர் ஹலால் பாக்கிற மனுசன். களவுக்குப் போனாலும் ஒரு மரியாதை வேணாமா?"

கத்தரினா கையிலிருந்த பைக்கற்றைத் திரும்பவும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, மாட்டிறைச்சிச் சொசேஜ் ஐந்தை எடுத்துக் கொடுத்தாள். கற்பிட்டியில் அந்த ரோட்டுக்கு அவளுடையது ஒன்றுதான் கடை. டயனா கடை மேசையிலேயே வைத்து, சளித் தடிமனுக்குக் குடிக்கிற, நித்திரை வரவைக்கும் குளிசையைத் துண்டு துண்டாக உடைத்து ஒவ்வொன்றுக்குள்ளும் செருகினாள்.

"செத்துக்கித்துப் போயிராதே?"

"சும்மா இரக்கா. ஒரு மணித்தியாலம் தூங்கினாக் காணும்."

டயனா மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவள். வருகிற ஞாயிறு திருநாள். கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்குகிற அவளுடைய அம்ப்போ நாலு வீடு தள்ளி, அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் நளீமின் முன் ஜன்னலடியில் இருந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அவள் சிலாபத்துக்குப் போயிருந்த நேரம், "சும்மாதானே கிடக்குது" என்று அவள் புருசன் அதை விற்றிருந்தான்.

கறுப்பு நிறத்தில், ஒரு கையால் தூக்கக்கூடிய மலிவான பெட்டிதான். ஆனால் அதன் திருகை ஒரு பக்கம் திருப்பினால் பைலா மேடை. மறுபக்கம் திருப்பினால் கோயில் மண்டபம். கிட்டாரைக் கொழுவினாலும் சரி, போனிலிருந்து வயரில்லாமலே பாட்டு விட்டாலும் சரி, எந்தச் சத்தத்தையும் கேட்ட மாதிரி மாற்றித் தரும். பத்து அம்ப் வாங்க வசதியில்லாதவளுக்குப் பத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன.

மூன்று தரம் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"ஏலா தங்கச்சி. அது இல்லாட்டி எனக்கு நித்திர வராது," என்றார் நளீம்.

"ஒங்களிட்ட ஒரு கிட்டார் கூட இல்லியே நானா!"

"அதுக்கென்ன? எனக்கு அது தேவ."

மனைவி பளீலா குவைத்துக்குப் போனதிலிருந்து தனியாக இருக்கும் மனிதர். பகலெல்லாம் ஜன்னலடியிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டி எடுப்பதென்றால்கூட வழி கண்டுபிடிக்கலாம். அந்த நாயைத் தாண்டி எடுக்க வழியில்லை. வாசல் படலையில் கை வைத்தாலே போதும், மதிலே அதிரும்படி குரைக்கும். கண்டவர் யாருமில்லை. கேட்டவர்களில் உப்பு லொறிக்காரன் கன்றுக்குட்டி உயரம் என்றான். மீன்காரன் மாட்டு உயரம் என்றான்.

"அவங்கட ஆக்கள் நாய் வளக்கிறல்லயே?" என்று கத்தரினா கேட்டாள்.

"வீட்டுக்குள்ளதான் ஆகாதாம். காவலுக்கு வளவில கட்டலாமாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நளீம் தொப்பியைப் போட்டு, போனைச் சேட்டுப் பைக்குள் வைத்து, சைக்கிளில் ஏறிப் பள்ளிக்குப் போனார்.

கத்தரினா குடையோடு ரோட்டில் காவல் நின்றாள். டயனா ஐந்து சொசேஜையும் மதிலுக்கு மேலால் எறிந்தாள். குளிசை வேலை செய்யட்டும் என்று முழுச் செபமாலையும் சொல்லி முடித்தாள். பிறகு படலையைத் தட்டினாள்.

சத்தமே இல்லை.

"படுத்திட்டுது!" என்றாள் கத்தரினா. "பாவம், என்ன பசியோ!"

நாய் இருக்கிற தைரியத்தில் நளீம் பின்கதவுக்குப் பூட்டுப் போடுவதே இல்லை. ஜன்னலடியில் ரோட்டைப் பார்த்தபடி இருந்த அம்ப்பின் வயரைப் பிடுங்கி, படுக்கைச் சீலையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள் டயனா. வெளியே வரும்போது வளவுப் பக்கம் திரும்பி, "நல்லாத் தூங்கு ராசா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டும் வந்தாள்.

மூன்று மணிக்கு அவள் தன் முன்னறையில் அம்ப்பைக் கொழுவி, திருகைக் கோயில் மண்டபத்துக்குத் திருப்பினாள். கிட்டாரைக் கையில் எடுக்குமுன் யாரோ படலையைத் தட்டினார்கள்.

"டயனா தங்கச்சி!"

நளீமின் குரல். அம்ப்பை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளி, விரிப்பை நிலம்வரை இழுத்துவிட்டாள். வயரைப் பிடுங்க நேரமில்லை.

நளீமோடு ஒரு பொலிஸ் சார்ஜனும் உள்ளே வந்தார்.

"நோனா, இவர்ட நாய் களவு போயிட்டுதாம்."

டயனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாயா? அம்ப் இல்லையா?

"அந்தோனியார் மேல சத்தியம் சேர்! நாய நான் தொடவும் இல்ல, கண்ணால காணவும் இல்ல!"

சார்ஜன் ஒரு பையை மேசையில் வைத்தார். "இது வளவில கிடந்தது. கத்தரினா நோனாட கடையில கேட்டம். நீங்கதான் வாங்கினதாம். முதல் கேள்விக்கே சொல்லிட்டா."

டயனா எட்டிப் பார்த்தாள். ஐந்து சொசேஜும் எறும்பு மொய்த்தபடி அப்படியே இருந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை. அப்படியானால் அந்த நாய் ஏன் குரைக்கவில்லை?

யோசிக்க இது நேரமில்லை.

"வாயில்லாச் சீவனுக்குச் சாப்பாடு போட்டாக் குத்தமா சேர்? வேணுமெண்டா வீட்டைத் தேடுங்க. நாய் இங்க இருந்தாக் குரைக்காதா?"

நியாயம்தான் என்பதுபோல் சார்ஜன் தலையாட்டினார். நளீமிடம் திரும்பினார். "என்ன நிறம்?"

"கறுப்பு சேர்."

"பேர்?"

"பேர் வெக்கல்ல."

"நிறைய கறுப்பு நாய் இருக்கு நானா. ஒங்கடதெண்டு எப்பிடி அடையாளம் காட்டுவீங்க?"

"நான் கூப்பிட்டாக் கொரைக்கும் சேர்," என்ற நளீம், சேட்டுப் பையிலிருந்து போனை எடுத்து விரலால் ஒரு தரம் தட்டினார்.

கட்டிலுக்கடியிலிருந்து, கோயில் மண்டபத்தின் முழு எதிரொலியோடு, நாய் குரைத்தது.