வளராத நாற்று

“தம்பி, தக்காளி நாற்று திரும்பவும் மஞ்சளாயிடுச்சு” என்றபடி பெரியவர் என் நர்சரிக்குள் வந்தார். “ஒருநாள் காலையில எழுந்து பார்த்தா பச்சையாயிருக்கும். ஆனா சாண் உயரத்தைத் தாண்டவே மாட்டேங்குது.”

“தண்ணிய குறைச்சீங்களா ஐயா?”

“என் வீட்டுக்காரி கண்ணை மூடறதுக்கு முன்னாடி விதைச்சது. அதைக் காய விடலாமா? ஒரு பழமாவது பறிச்சுடணும் தம்பி.”

செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருந்தாலும், ஈரம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், ஜன்னலோரம் வையுங்கள் என்று மறுபடி சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவருடைய மருமகள் அவசரமாக நுழைந்தார்.

“அண்ணே, சாண் உயரத்துல இன்னொரு தக்காளி நாற்று குடுங்க. இதுவும் வேர் அழுகிடுச்சு. மாமா தூங்கினதும் மாத்திடறேன்.”

“அப்போ உங்க மாமியார் விதைச்சது?”

“அது எப்பவோ போயிடுச்சுண்ணே.”

எனக்கு மனசு கேட்கவில்லை. “கொஞ்சம் பெரிசா தரட்டுமா? வளர்ந்த மாதிரியாவது இருக்கும்.”

“ஐயோ, வேண்டாம்ணே! போன தடவை விரற்கடை பெரிசா வச்சேன். வளருதுங்கற சந்தோஷத்துல அன்னைக்கே ரெண்டு சொம்பு கூட ஊத்திட்டார்.”