இன்னும் இரண்டு படம்

பிற்பகல் மூன்று பத்துக்கு ரேடார் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பத்து நிமிடம் கழித்து வந்த அடுத்த படத்தில் அது உள்ளங்கை அளவுக்கு வீங்கி, விளையாட்டு விழா நடக்கும் பள்ளியை நோக்கி நகர்ந்திருந்தது.

“ஆலங்கட்டியோட பெரிய இடிமழை சார். எச்சரிக்கை விட்டுடலாமா?” என்றாள் வானிலை ஆய்வாளர்.

“போன மாசம் மூணு தடவை விட்டோம். ஒரு சொட்டு விழலை. ஊரே சிரிச்சுது. இன்னும் ரெண்டு படம் வரட்டும்,” என்றார் இயக்குநர்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். “என் பையன் அந்த மைதானத்துலதான் இருக்கான் சார்.”

“அறிவிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாதும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“நான் வெளியே போய் வானத்தைப் பாத்துட்டு வரேன்,” என்று எழுந்து போன இயக்குநர் திரும்பி வந்து, “பளிச்சுன்னுதான் இருக்கு,” என்றார்.

இரண்டாவது படம் வருவதற்குள் ஜன்னல் இருண்டுவிட்டது. அவர் எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டார். அவள் விளையாட்டு ஆசிரியரை அழைத்தாள்.

“சார், ஆலங்கட்டி மழை வருது. பிள்ளைங்களை உடனே உள்ளே கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப இதுக்குத்தானா மேடம், என் பேத்திக்கு வெயில் ஆகாது, உள்ளே உக்கார வைங்கன்னு உங்க இயக்குநர் அப்பவே போன் பண்ணினார்?”