பதினொன்றாம் எண் பலகை வீடு

"அந்த வீட்டுல ஒரு பலகையப் பிடுங்கினாலும் நேரா கவுன்சிலுக்குத்தான் போவேன், கிளைவ்! தொட்டுப் பாரு!"

"என் வீட்டுப் பலகைய நான் தொட உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்பதாம் எண் நோலீன். அந்தப் பக்கம், மரக்கால்கள் மேல் நிற்கும் தன் வீட்டின் பதினான்காவது படியில் கிளைவ். காலை ஏழு மணிக்கே சத்தம் கரும்பு ஆலைச் சங்கை மிஞ்சியதால், மில் தெருவில் எல்லோரும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்துவிட்டோம். மழை பெய்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுல இந்த ஊரு முதல் டாக்டர் கட்டின வீடு! குயின்ஸ்லாந்துல இப்படி எத்தனை மிச்சம் இருக்கு? அதை இடிச்சு அடுக்குமாடியா? வெட்கமா இல்ல?"

"இடிக்கப்போறது நான் இல்ல, வாங்கறவன். அவனுக்கு இந்தத் தெருவுல ஒரே ஒரு மனைதான் வேணும். என்னோடத கேட்டான். எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, நோலீன். பால் வாங்க இறங்கினா திரும்ப ஏற அரை மணி நேரம். வித்துட்டு, டவுன்ஸ்வில்லுல மக வீட்டுக்குப் பக்கத்துல தரையோட தரையா ஒரு வீடு. வேற என்ன கேட்டேன்?"

"உன் முட்டிக்காகச் சரித்திரத்தை இடிக்கணுமா?"

"சரித்திரம் ஒழுகுதும்மா! வந்து வாளி பிடி!"

நோலீன் வாளி பிடிக்கவில்லை. ஆள் பிடித்தாள். பூசணிக்காய் போட்ட ஸ்கோன் ரொட்டி சுட்டுத் தட்டோடு வீடு வீடாகப் போய், வீட்டைக் காப்பாற்றச் சொல்லி நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினாள். முப்பது வருடமாக அந்த வீட்டைக் 'கரையான் கூடு' என்று திட்டியவளுக்குத் திடீரென்று எங்கிருந்து இவ்வளவு பாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வாயில் ஸ்கோன் இருந்தது.

இரண்டு வாரத்தில் கவுன்சிலிலிருந்து பழைய கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி இங்க்ரிட் வந்தாள். கையில் டார்ச், கக்கத்தில் தடித்த கோப்பு. தெருவே வேலியோரம் கூடிவிட்டது. அவள் வராந்தாவைச் சுற்றினாள். ஒன்றன்மேல் ஒன்று கவிந்த பலகைகளைத் தட்டிப் பார்த்தாள். கரையான் ஏறாதிருக்க மரக்கால் தலையில் கவிழ்த்த தகரத் தொப்பிகளை எண்ணினாள்.

"கதவுக்கு மேல மரத்துல பூ அறுத்திருக்காங்க பாருங்க. அழகுக்கு மட்டும் இல்ல, காத்து வீட்டுக்குள்ள ஓடறதுக்கு. இந்த வெயிலுக்குன்னே யோசிச்சுக் கட்டின வீடு. பலகை எல்லாம் இந்த மலைக் காட்டு மரம். இனிமே கிடைக்காது."

நோலீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "கேட்டியா, கிளைவ்?"

"ஏங்க, படி ஏறுறவன் காலை நினைச்சு யாராவது யோசிச்சாங்களா?" என்றார் கிளைவ். "இந்த வீட்ட நாப்பது வருஷமா பெயின்ட் அடிச்சுக் காப்பாத்தினது நான். கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தன் ஒரு ஆணி அடிச்சிருப்பானா?"

நாங்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

இங்க்ரிட் வீட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். வேலியின் ஓட்டை வழியாக நோலீன் வீட்டுக்கு அடியிலும் போனாள். வெளியே வந்தபோது தலையெல்லாம் சிலந்தி வலை, முகமெல்லாம் சிரிப்பு.

"இது பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல ஏறும். இனிமே யாரும் இடிக்க முடியாது."

நோலீன் கை தட்டினாள். கிளைவ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா இது பாதி வீடுதான். தரையைத் தாங்கற விட்டம் எல்லாம் ஒரு ஓரத்துல ரம்பத்தால அறுபட்டிருக்கு. மறுபாதி அதோ." அவள் கை நீட்டியது ஒன்பதாம் எண்ணை. "டாக்டர் காலமானதும் அவர் பிள்ளைங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு, வீட்ட நடுவுல அறுத்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டாங்கன்னு கோப்புல ஒரு பழைய குறிப்பு இருக்கு. ஒரு பாதிய பக்கத்து மனைக்கு இழுத்து வெச்சு, பலகை மேல சிமென்ட் அட்டை போர்த்தி மறைச்சுட்டாங்க. ரெண்டும் சேர்ந்துதான் பட்டியல்ல ஏறும்."

வீட்டை அறுத்து லாரியில் ஏற்றுவதை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிற ஊர் இது. இந்த வீடு அறுபட்ட கதை எங்களுக்கே தெரியாமல் போனதுதான் அவமானம்.

நோலீன் முகம் வெளுத்தது. "என்னோடது வெறும் அட்டை வீடும்மா! அதுல என்ன சரித்திரம் இருக்கு? ஒரு குப்பையும் இல்ல! தயவு செஞ்சு அதை விட்டுடு!"

"அதெப்படி விட முடியும்? நீங்கதானே காப்பாத்தச் சொன்னீங்க?"

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு பாதியும் ஒரே எண்ணில் பட்டியலில் ஏறின. அடுக்குமாடிக்காரர் வேறு ஊர் பார்த்துப் போனார். பழைய வீட்டுப் பைத்தியம் பிடித்த பிரிஸ்பேன் தம்பதி ஒன்று பட்டியலைப் பார்த்துத் தேடி வந்து கிளைவின் பாதியை வாங்கியது. அவர் மகளுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குடிபோனார். அட்டை போர்த்திய பாதியை எவரும் கேட்கவில்லை. நோலீன் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், எங்கள் யாருடனும் பேசுவதில்லை. அன்று இங்க்ரிட் கோப்பைப் புரட்டிவிட்டு, தெருவே கேட்கும்படி அப்பாவியாகக் கேட்ட கேள்விதான் காரணம்:

"ஒன்பதாம் எண் வீட்ட இடிச்சு மனைய அடுக்குமாடிக்காரருக்கு விக்க அனுமதி வேணும்னு, இந்த நாப்பத்திரண்டு கையெழுத்து வந்த அதே கவர்ல இன்னொரு மனுவும் இருந்துச்சே, நோலீன், அது நீங்க போட்டதுதானே?"